அம்மம்மாவின் நாலு காற்றாடிப் பிளேன்

1942இல் திருகோணமலைக்கு ஜப்பான்காரன் குண்டு போட்ட கதையை அம்மம்மா சொல்லத் தொடங்கினால், ஒரு இடத்தில் நான் கட்டாயம் குறுக்கே விழுவேன்.

"பின்னேரம் போல தம்பி. வானம் முழுக்க இரைச்சல். ஒவ்வொண்டுக்கும் நாலு காத்தாடி. நான் உவர்மலையில நிண்டு எண்ணினனான். எண்ணி முடியேல்லை."

குண்டு விழுந்தது காலையில். வந்த ஜப்பான் விமானங்களுக்கு மூக்கில் ஒரேயொரு காற்றாடிதான். இதெல்லாம் பதினைந்து வயதிலேயே எனக்குத் தெரியும். "காலமை எண்டுதானே அம்மம்மா எல்லாரும் சொல்லினம்?" என்று கேட்டால், "நீ கண்டனியோ? நான் கண்டனான்" என்று வாயை அடைத்துவிடுவார். அதோடு நிற்கவும் மாட்டார். "அடுத்தநாள் மத்தியானம் திரும்பவும் வந்ததுகள். ஆனா குண்டு போடேல்லை. சும்மா வந்து சீனக்குடாவில இறங்கினதுகள்" என்பார். ஜப்பான்காரன் பிரித்தானியரின் விமானத்தளத்தில் வந்து இறங்கித் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனானாக்கும் என்று நாங்கள் பேரப்பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறோம். அவருக்கு அப்போது எட்டு வயது. எட்டு வயதுப் பிள்ளையின் ஞாபகம் எப்படியும் குழம்பும் என்று விட்டுவிட்டோம். 2016இல் அம்மம்மா போய்ச் சேர்ந்தார்.

போன தவணையில் மகளுக்குப் பாடசாலையில் ஒரு ஒப்படை கொடுத்தார்கள். ஏதாவது ஒரு ஆண்டைத் தெரிந்தெடுத்து, ஏதாவது ஒரு துறையில் அந்த ஆண்டு உலகில் நடந்தவற்றை எழுத வேண்டும். கதை கேட்டு வளர்ந்தவள், யோசிக்காமல் "1942, விமானம்" என்றாள். அவள் இரண்டு பக்கத்தில் எழுதி முடித்துப் படமும் கீறிவிட்டாள். என்னால்தான் நிறுத்த முடியவில்லை. இரவு பத்து மணிக்குப் பிறகு கணினி முன்னால் உட்கார்ந்து மாதம் மாதமாகத் தேட ஆரம்பித்தேன். மனதின் ஒரு மூலையில் அந்த நாலு காற்றாடி சுற்றிக்கொண்டே இருந்தது.

ஜனவரியிலேயே வருடம் தன் குணத்தைக் காட்டிவிடுகிறது. 13ஆம் திகதி ஜெர்மனியில் ஹைங்கல் 280 என்ற ஜெட் விமானத்தின் மாதிரி ஒன்றை வேறு விமானங்கள் கயிறு கட்டி மேலே இழுத்துப் போயின. இழுத்த கயிறு பனியில் உறைந்து கழல மறுத்தது. ஓட்டியிருந்த ஹெல்முட் ஷெங்க், அழுத்தக் காற்றால் இயங்கும் இருக்கையோடு தன்னை வெளியே எறிந்துகொண்டு உயிர் தப்பினார். ஆபத்தில் சிக்கிய ஒருவர் எறியும் இருக்கையால் தப்பியது அதுதான் முதல் தடவை. அடுத்த நாளே, 14ஆம் திகதி, அமெரிக்காவின் கனெக்டிகட்டில் சிகோர்ஸ்கியின் எக்ஸ்.ஆர்-4 ஹெலிகொப்டர் முதன்முதலாக எழும்பியது. மே மாதத்தில் அது துண்டு துண்டாகப் பறந்து, 1,200 கிலோமீற்றருக்கு மேல் கடந்து ஒஹாயோ போய்ச் சேர்ந்தது. அமெரிக்க இராணுவத்துக்காகத் தொகையாகச் செய்யப்பட்ட முதல் ஹெலிகொப்டர் அந்த வழியில்தான் வந்தது.

ஒரு நாள் இடைவெளிதான். ஒன்று காற்றாடியே இல்லாத விமானம், மற்றது காற்றாடியைத் தலைக்கு மேல் தூக்கி வைத்துக்கொண்ட விமானம். இரண்டையும் பற்றித் திருகோணமலையில் ஒரு குஞ்சுக்கும் தெரிந்திருக்காது. 'ஹெலி' என்ற சொல்லைக் கேட்டாலே முற்றத்தில் விளையாடும் பிள்ளைகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்துகிற காலம் எங்களுக்கு நாற்பது வருடம் கழித்துத்தான் வந்தது.

பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்தது. அதன் பிறகு இலங்கைதான் முன்வாசல். மார்ச்சில் இந்தோமிட்டபிள் என்ற விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து ஹரிகேன் சண்டை விமானங்கள் பறந்து வந்து இலங்கையில் இறங்கின. அவற்றில் 261ஆவது ஸ்குவாட்ரன் எங்கள் சீனக்குடாவுக்கு வந்தது. கொழும்பில் குதிரைப் பந்தயத் திடலையே ஓடுபாதை ஆக்கினார்கள். காலியை அடுத்த கொக்கல வாவியில் கேடலினா என்ற பறக்கும் படகுகள் மிதந்தன. இரண்டு இயந்திரம், இரண்டு காற்றாடி, வேகம் குறைவு. ஆனால் ஒரு தரம் எழும்பினால் ஒரு முழுப் பகலும் கடல் மேல் சுற்றிக்கொண்டிருக்கும்.

ஏப்ரல் 4ஆம் திகதி அப்படிச் சுற்றிய கனடாப் படையின் கேடலினா ஒன்றுதான், இலங்கைக்குத் தென்கிழக்கே ஜப்பானியக் கடற்படை வருவதைக் கண்டது. ஓட்டியவர் லெனர்ட் பேர்ச்சல். அவர் கொக்கலவுக்கு வந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. கண்டதை வானொலியில் அனுப்பிக்கொண்டிருக்கும்போதே ஸீரோ என்ற ஜப்பானியச் சண்டை விமானங்கள் சுட்டு வீழ்த்திவிட்டன. ஒன்பது பேரில் ஆறு பேர் உயிர் பிழைத்து, போர் முடியும்வரை ஜப்பானில் சிறையிருந்தார்கள். 'இலங்கையின் மீட்பர்' என்று அவரைச் சொல்வார்கள். மீட்பது என்றால் என்ன என்பதில் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு. செய்தி கிடைத்தும் அடுத்த நாள், உயிர்த்த ஞாயிறு அன்று, கொழும்பு அசந்துதான் இருந்தது. கோர்ன்வோல், டோர்செட்ஷயர் என்ற இரண்டு பெரிய போர்க்கப்பல்கள் கடலில் போனது போனதுதான். ஆனாலும் செய்தி வராமல் இருந்திருந்தால் துறைமுகம் நிறையக் கப்பல்கள் கிடந்திருக்கும், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

எங்கள் முறை ஏப்ரல் 9, வியாழக்கிழமை.

கொழும்புக்கும் எங்களுக்கும் ஒரு வித்தியாசம் இருந்தது. எலிசபெத் முனையில் நிறுத்தியிருந்த ராடார், சுமார் 90 மைல் தூரத்திலேயே வருபவர்களைக் கண்டுவிட்டது. காலை ஏழு மணி தாண்டிச் சில நிமிடம். ஹரிகேன்கள் மேலே ஏறிக்கொள்ள நேரம் கிடைத்தது. வந்தவை 90க்கு மேற்பட்ட குண்டுவீச்சு விமானங்கள், காவலுக்கு ஏறத்தாழ 40 ஸீரோ. தலைமை தாங்கி வந்தவர் மிட்சுவோ புச்சிடா. நான்கு மாதத்துக்கு முன் பேர்ள் துறைமுகத்துக்கு வழிநடத்திப் போனவரும் அவரேதான்.

குண்டு வீசியவை நகாஜிமா நிறுவனத்தின் மூன்று பேர் உட்காரும் விமானங்கள். மூக்கில் ஒரு காற்றாடி. ஸீரோவுக்கும் ஒன்று. எதிர்த்துப் போன ஹரிகேனுக்கும் ஒன்று. அன்றைக்கு நகரத்துக்கு மேலே இருந்த வானத்தில் நாலு காற்றாடி கொண்ட எதுவும் இல்லை. நான் திரும்பத் திரும்பத் தேடிப் பார்த்தேன், இல்லை.

மேலே ஏறிய ஹரிகேன்களில் ஏறத்தாழப் பாதி திரும்பவில்லை. டொக்யார்ட்டிலும் சீனக்குடாவிலும் குண்டுகள் விழுந்தன. உட்துறைமுகத்தில் நின்ற சகேங் என்ற சரக்குக் கப்பல் தீப்பிடித்து எரிந்தது. அந்தக் கப்பலின் கதை அதோடு முடியவில்லை. 1943இல் அதைத் துறைமுகத்திலேயே தாழ்த்தி இறங்குதுறை போலப் பாவித்தார்கள். பிறகு அது தண்ணீருக்கடியில் கிடந்தபடியே கிடந்தது. 2018இல் கடற்படைச் சுழியோடிகள் மாதக்கணக்கில் வேலைசெய்து மேலே தூக்கினார்கள். எழுபத்தைந்து வருடச் சேறோடு ஒரு கப்பல் வெளியே வந்ததைப் பத்திரிகையில் படம் போட்டிருந்தார்கள். அம்மம்மா இன்னும் இரண்டு வருடம் இருந்திருந்தால் அந்தப் படத்தைக் காட்டியிருப்பேன். "எரிஞ்ச கப்பலை ஏன் தூக்கினம்?" என்றுதான் கேட்டிருப்பார்.

எண்ணெய்த் தாங்கி கதையைச் சொல்லாமல் விட்டால் ஊரில் என்னை ஒருவரும் சேர்க்க மாட்டார்கள். சீனக்குடாக் காட்டுக்குள் பிரித்தானியர் கட்டிய இராட்சத எண்ணெய்த் தாங்கிகளில் ஒன்று அன்றைக்கு எரிந்து உருகியது. இன்றைக்கும் அந்தச் சுவர் வளைந்து நெளிந்து நிற்கிறது. ஒரு ஜப்பானிய விமானம் வேண்டுமென்றே அதற்குள் பாய்ந்தது, அதில் மூன்று பேர் இருந்தார்கள் என்பது ஊர்க்கதை. எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. ஜப்பான் தற்கொலைத் தாக்குதலை ஒரு முறையாக வகுத்துக்கொண்டது 1944 ஒக்டோபரில். அடிபட்ட விமானம் எங்காவது விழத்தான் வேண்டும், அது தாங்கிக்கு மேல் விழுந்தால் கதை தானாக முளைக்கும். ஆனால் இதைத் தேத்தண்ணிக் கடையில் சொல்லிப் பார்க்காதீர்கள். நான் ஒருமுறை சொல்லி, அதற்குப் பிறகு அங்கே கடன் சொல்ல முடியாமல் போனது.

அதே காலையில் தெற்கே மட்டக்களப்புக் கடலில் ஹேர்மீஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியது. முதல் நாள் பின்னேரம் இன்னொரு கேடலினா கொடுத்த எச்சரிக்கையை நம்பி, இரவோடு இரவாகத் திருகோணமலையை விட்டு ஓடிய கப்பல் அது. விமானம் தாங்கவென்றே தொடக்கத்திலிருந்து வரைந்து கட்டத் தொடங்கிய உலகின் முதல் கப்பலும் அதுதான். கட்டி முடித்ததில் ஜப்பானின் ஹோஷோ முந்திக்கொண்டது வேறு கதை. விதியைப் பாருங்கள், அன்றைக்கு அதன் மேல்தளத்தில் ஒரு விமானம்கூட இல்லை, எல்லாம் கரையில் நின்றன. உதவிக்குப் போகச் சீனக்குடாவிலும் ஹரிகேன் அதிகம் மிஞ்சியிருக்கவில்லை. குண்டு வீசத் தொடங்கிச் சில நிமிடங்களில் கப்பல் கவிழ்ந்தது. முந்நூறுக்கும் அதிகமானோர் செத்தார்கள். வீட்டா என்ற மருத்துவக் கப்பல் தற்செயலாக அந்தப் பக்கம் வந்ததால் நூற்றுக்கணக்கானோர் பிழைத்தார்கள். இப்போது மட்டக்களப்பில் சுழியோடப் போகிறவர்கள் ஐம்பது மீற்றர் ஆழத்தில் அதைப் பார்த்துவிட்டு வந்து படம் போடுகிறார்கள்.

அம்மம்மாவின் வீட்டார் அன்று மாலையே மாட்டு வண்டிலில் தம்பலகாமத்துச் சொந்தக்காரர் வீட்டுக்குப் புறப்பட்டார்கள். போகிற வழியில் எண்ணெய்த் தாங்கி எரிகிற புகை வண்டிலோடு கூடவே வந்ததாம். பாட்டன் நெல்லு மூட்டைக்குப் பின்னால் பிள்ளைகளைப் படுக்க வைத்தாராம். இந்தப் பகுதியை அம்மம்மா ஒருநாளும் மாற்றிச் சொன்னதில்லை. பிற்காலத்தில் 'பங்கர்' வெட்டி அதற்குள் எங்களை இறக்கும்போதும், 2006இல் கொட்டியாரக் குடாவுக்கு அப்பால் சம்பூர்ப் பக்கம் கிபிர் விமானங்கள் குத்துகிற சத்தம் கேட்கும்போதும், "இது அந்தச் சத்தம் இல்லை" என்று மட்டும் சொல்வார். எந்தச் சத்தம் என்று நாங்கள் கேட்கவில்லை.

சரி, உலகத்துக்கு வருவோம். திருகோணமலைக்கு ஒன்பது நாள் கழித்து, ஏப்ரல் 18இல், டூலிட்டில் தலைமையில் பதினாறு அமெரிக்க பி-25 விமானங்கள் ஒரு கப்பலிலிருந்து எழும்பி டோக்கியோவுக்கும் வேறு சில ஜப்பானிய நகரங்களுக்கும் குண்டு போட்டன. மே மாதம் பவளக் கடலில் நடந்த சண்டையில் எதிரெதிர்க் கப்பல்கள் ஒன்றையொன்று கண்ணால் காணவே இல்லை. முழுச் சண்டையையும் விமானங்களே செய்தன. கடற்போர் வரலாற்றில் அது முதல் தடவை.

எங்கள் கணக்கு ஒன்று அதில் இருக்கிறது. இலங்கைக்கு வந்த ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்கள் ஐந்து: அகாகி, ஸோர்யு, ஹிர்யு, ஷோகாக்கு, ஸுயிகாக்கு. பவளக் கடலில் ஷோகாக்கு காயப்பட்டது, ஸுயிகாக்கு தன் விமானிகள் பலரை இழந்தது. அதனால் இரண்டும் ஜூன் மாதம் மிட்வே சண்டைக்குப் போக முடியவில்லை. மற்ற மூன்றும் போயின, மூழ்கின. உவர்மலைக்கு மேலே அந்த விமானங்கள் வந்து போய் இரண்டு மாதம் முடியவில்லை, அவற்றை அனுப்பிய கப்பல்களில் மூன்று பசிபிக்கின் அடியில்.

ஜூன் 4இல் வடக்கே அலூஷன் தீவுகளில் ஒரு ஸீரோ அடிபட்டு அகுட்டான் என்ற தீவில் இறங்கப் பார்த்தது. புல்வெளி என்று நினைத்த இடம் சதுப்பு நிலம். சில்லு புதைந்து குப்புறக் கவிழ்ந்தது. பத்தொன்பது வயது விமானி கழுத்து முறிந்து இறந்தார். அவர் வந்தது ரியூஜோ என்ற கப்பலிலிருந்து. அதே ரியூஜோதான் ஏப்ரலில் வங்காள விரிகுடாவில் வணிகக் கப்பல்களை வேட்டையாடி, விசாகப்பட்டினத்துக்கும் காக்கிநாடாவுக்கும் குண்டு போட வைத்தது. ஜூலையில் கவிழ்ந்து கிடந்த விமானத்தை மேலேயிருந்து கண்டுபிடித்தது ஒரு கேடலினா! பேர்ச்சல் ஓட்டிய அதே வகை. அமெரிக்கர்கள் அதைத் தூக்கிக்கொண்டு போய்த் திருத்தி, செப்டெம்பரில் சான் டியகோவில் தாங்களே பறந்து பார்த்தார்கள். மூக்கைச் சட்டென்று கீழே குத்தினால் இயந்திரத்துக்கு எரிபொருள் வராமல் அது திக்குகிறது, வேகம் கூடினால் சரிந்து உருளச் சிரமப்படுகிறது என்று கண்டுபிடித்தார்கள். ஏப்ரலில் சீனக்குடாவுக்கு மேலே செத்த பையன்களுக்கு இதை யாரும் சொல்லியிருக்க முடியாது.

நான் அதிகம் ரசித்த விடயம் ஜெட். மார்ச் 25இல் ஜெர்மனியில் மெசர்ஷ்மிட் 262இன் மாதிரியில் இரண்டு ஜெட் இயந்திரங்களைப் பூட்டிப் பறக்க விட்டார்கள். நம்பிக்கை போதாமல் மூக்கில் ஒரு பழைய காற்றாடி இயந்திரத்தையும் விட்டு வைத்தார்கள். நல்ல காலம். மேலே போனதும் இரண்டு ஜெட்டும் அணைந்துவிட்டன. விமானி ஃபிரிட்ஸ் வென்டல் காற்றாடியை வைத்துத்தான் இறங்கினார். ஜூலை 18இல் காற்றாடி இல்லாமலே முயன்றார்கள். அப்போது வேறு தொல்லை. அது வாலிலே சில்லு வைத்த விமானம். வால் தரையில் கிடக்கும்வரை வாற்சிறகுக்குச் சரியான காற்றோட்டம் இல்லை, அதனால் வாலைத் தூக்க முடியவில்லை. ஓடிக்கொண்டிருக்கும்போதே பிரேக்கை ஒருமுறை தட்டினால் வால் எழும்பும் என்று பார்த்தார்கள். வென்டல் தட்டினார், எழும்பியது, பறந்தது. முழு வேகத்தில் ஓடும்போது பிரேக்கைத் தட்டிப் பறக்கச் சொன்ன யோசனையை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிற்றுக்குள் ஏதோ செய்கிறது.

ஒக்டோபர் முதல் நாள் அமெரிக்காவின் முதல் ஜெட், பெல் நிறுவனத்தின் எக்ஸ்.பி-59, கலிபோர்னியப் பாலைவனத்தில் எழும்பியது. அது இரகசியம். தரையில் நிற்கும்போது யாராவது பார்த்துவிட்டால் என்ன செய்வது? மூக்கிலே ஒரு பொய்க் காற்றாடியைச் செருகி வைத்தார்கள். இதை மகளுக்குச் சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் அடுத்த வீட்டு நாய் குரைத்தது. இரண்டு நாள் கழித்து ஜெர்மனியின் பீனமுண்டேயில் வி-2 ரொக்கெட் 80 கிலோமீற்றருக்கு மேல் உயரம் போனது. அதற்குச் சிறகுகூடப் பெரிதாகத் தேவைப்படவில்லை.

இந்த இடத்தில் எனக்கு ஒரு நப்பாசை. காற்றாடி மெல்ல மெல்லக் காணாமல் போகத் தொடங்கிய வருடத்தில் அம்மம்மா மட்டும் ஏன் காற்றாடியைக் கூட்டிக்கொண்டு போகிறார்? நாலு காற்றாடி விமானங்களை மட்டும் தனியே தேடினேன். பெப்ரவரி 14இல் டக்ளஸ் ஸ்கைமாஸ்டர் என்ற பயணிகள் விமானத்தின் இராணுவ வடிவம் முதலில் பறந்தது. நாலு காற்றாடிதான், ஆனால் குண்டு போடாது. பிறகு செப்டெம்பர் 21, சியாட்டில். போயிங் பி-29 முதல் பறப்பு. ஓட்டியவர் எடி அலன். ஆட்கள் இருக்கும் அறைகளுக்குள் காற்றழுத்தம் அடைத்த பெரிய குண்டுவீச்சு விமானம். ஒவ்வொரு காற்றாடியும் ஐந்து மீற்றர் குறுக்களவு. பதினெட்டுச் சிலிண்டர் இயந்திரம் சூடேறித் தீப்பிடிப்பதே அதன் வியாதி. அடுத்த பெப்ரவரியில் அப்படித் தீப்பிடித்து விழுந்ததில் அலனும் போனார்.

பி-29 என்று தட்டிவிட்டுக் கீழே போய்க்கொண்டிருந்தேன். ஒரு இடத்தில் 'சீனக்குடா' என்று இருந்தது.

1944 ஓகஸ்ட் 10. இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட ஐம்பத்து நான்கு பி-29கள், அவற்றுக்காகவே நீட்டிய சீனக்குடா ஓடுபாதையிலிருந்து சுமாத்திராவின் பலெம்பாங் எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் புறப்பட்டன. போக வர 6,000 கிலோமீற்றருக்கு மேல். அந்தப் போரின் மிக நீண்ட குண்டுவீச்சுப் பறப்புகளில் ஒன்று. எழும்பத் தொடங்கியது பின்னேரம் ஐந்து மணியை அண்டி. நள்ளிரவில் அங்கே குண்டு போட்டுவிட்டுத் திரும்பின. சில விமானங்கள் 18 மணித்தியாலத்துக்கும் மேல் வானத்திலேயே இருந்தன. ஒன்று திரும்பி வரும்போது எரிபொருள் தீர்ந்து கடலில் இறங்கியது.

பதினெட்டு மணித்தியாலத்தைக் கூட்டிப் பாருங்கள். அடுத்தநாள் மத்தியானத்தை அண்டி வரும். சும்மா வந்து சீனக்குடாவில் இறங்கும்.

ஐம்பத்து நான்கை நாலால் பெருக்கினால் 216 காற்றாடி. பத்து வயதுப் பிள்ளை உவர்மலையில் நின்று எண்ணி முடித்திருக்காதுதான். அடித்துச் சொல்ல முடியாது. சிகிரியாவிலும் மின்னேரியாவிலும் நாலு காற்றாடி லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்கள் நின்றன, அவையும் இந்தப் பக்கம் வந்து போயிருக்கலாம். ஆனால் பின்னேரம் ஒரு கூட்டமாகப் போய், அடுத்தநாள் மத்தியானம் திரும்பி வந்து இறங்கியது என்று ஒரு கிழவி ஐம்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தால், நான் இப்போது அவர் பக்கம்தான் நிற்பேன். காலையில் வந்ததையும் இரண்டு வருடம் கழித்துப் பின்னேரம் போனதையும் ஒரே கதையாக முடிந்து வைத்திருக்கிறார். தம்பலகாமத்துக்கு ஓடிய வண்டிலை அந்த முடிச்சுக்கு நடுவே வைத்தார்.

இரவு பன்னிரண்டரைக்கு மகளை எழுப்ப முடியாது. விடிய, பல்லுத் துலக்கிக்கொண்டிருந்தவளிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். ஒப்படையில் இதைச் சேர்க்கலாம், கடைசிப் பக்கத்தில் இடம் இருக்கிறது என்றேன்.

"அது 1944 அப்பா. ரீச்சர் ஒரு வருசம்தான் எழுதச் சொன்னவ."

பிறகு பின்னேரம் பார்த்தேன். எழுத்தில் ஒன்றும் சேர்க்கவில்லை. முன்னட்டையில் கீறி வைத்திருந்த ஸீரோவின் சிறகில் மட்டும் பென்சிலால் இன்னும் மூன்று காற்றாடி போட்டிருந்தாள்.